பனங்கையை எடைக்குப் போடறதா?

எங்க பக்கம் மரத்தை ரெண்டு கணக்குல விக்கலாம்ங்க. கன அடிக்கு, இல்லைன்னா டன்னுக்கு. கன அடின்னா ஆசாரி வருவார், டேப் பிடிப்பார், தட்டிப் பார்ப்பார். டன்னுன்னா லாரி வரும், எடைமேடை ஏறும், நேரா திருப்பூர் சாயப்பட்டறை பாய்லருக்குப் போயிரும். துணிக்குச் சாயம் ஏத்த நீராவி வேணும், அதுக்கு விறகு எரியணும். வேம்பா, வெள்வேலாவா, அப்பாரு காலத்துப் பனையான்னு பாய்லர் கேக்காது. கொறங்காட்டைச் சைட்டு போடறவங்களும் வெள்வேலாவை அப்படித்தான் தள்ளி விடறாங்க.

போன மாசம் தோட்டத்துச் சாளையைப் பிரிச்சோம். மண் சுவர், சீமை ஓடு, அதுக்கடியில 38 பனங்கை, ஒரு வேப்பமர நிலவு. விறகு வியாபாரி ஒருத்தர் மோப்பம் பிடிச்ச மாதிரி வந்து, மொத்தமா டன்னுக்குப் பேசினார். தம்பி பனியன் கம்பெனியில இருக்கான். "ஷீட் போட்டுரலாம்ண்ணா, நாலு நாள் வேலை" என்றான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஓட்டுக் கூரையில மயில் ஏறி மிதிச்சே வருஷா வருஷம் பத்து ஓடு போயிருது. ஆனா சித்திரை வெயில்ல ஷீட்டுக்கு அடியில மாட்டைக் கட்டிப் பாருங்க.

பனையைப் பத்திக் கொஞ்சம் சொல்லோணும். மத்த மரத்துல நடுவுலதான் வைரம். பனைக்கு நேர் எதிரு: நடுவுல சோறு, வெளிச்சுத்துலதான் கருகருன்னு நார் இறுகி வைரம். அதனால நெடுக ஆப்பு வெச்சுப் பொளந்து, சோத்தை வாய்ச்சியால செதுக்கித் தள்ளிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் கையா எடுப்பாங்க. கிளை கிடையாது, அதனால கணுவும் கிடையாது. வயசான மரத்தோட அடிப்பக்கம்தான் ஆகும், நுனி உதவாது.

வேம்பு வேற மாதிரி. தேய்பிறையில வெட்டினாப் பூச்சி அண்டாதுன்னு அப்பாரு சொல்வார், அது நம்பிக்கை. வெட்டினதைக் குட்டையில மாசக்கணக்குல ஊறப்போட்டாங்களே, அதுலதான் விஷயம் இருக்கு. ஊற ஊற மரத்துல இருக்கற மாவுச்சத்து கொறைஞ்சிரும், அப்புறம் வண்டுக்குத் தீனி ஏது?

இன்னிக்குப் புதுசாப் பனங்கை வேணும்னா லேசுல கிடைக்காது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சுட்டாங்க. நல்ல சட்டம்தான். ஆனா நிக்கற பனைக்கு இருக்கற காவல், கூரையில இருந்து இறங்கின பனைக்கு இல்லைங்க.

கடைசியில எழுவது தாண்டின ஆசாரி ஒருத்தரைத் தேடிப் பிடிச்சோம். ஒவ்வொரு கையையும் வாய்ச்சி முதுகால தட்டிக் காதைக் கொடுத்தார். "இது கணீர்ங்குது தம்பி, எடுத்து வையி. இது சொத்தை." சுவத்துக்குள்ள பொதைஞ்ச முனைதான் பலதுல செல்லரிச்சிருந்துச்சு. ஒன்றரை அடி அறுத்துத் தள்ளினா மீதி இரும்பு. 31 தேறுச்சு. ஏழை மட்டும் எடைக்குப் போட்டோம்.

கூலியெல்லாம் சேர்த்தா ஷீட்டை விட அதிகம்தான், மறைக்க வேண்டியதில்ல. சாளை நீளத்துக்குக் கை பத்தாது, அதனால கட்டுத்தரையா இறக்கிட்டோம். நிலவு புது வீட்டுக்குப் போகுது. அதைத் தம்பியே கேட்டு வாங்கிக்கிட்டான்.

ஓடுதான் ஒரு அறுபது பத்தல. ஊத்துக்குளி, காங்கேயம் பக்கம் யாராவது ஓட்டு வீடு பிரிச்சீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வண்டி கொண்டாந்து ஏத்திக்கறேன்.