பரணில் ஒரு வீடு

கந்தப்பளை மலையில் ஹெதர்செட் என்றொரு பழைய தேயிலைத் தொழிற்சாலை உண்டு. 1930களில் கட்டப்பட்டது. பல்லாண்டுகள் மூடிக்கிடந்த அதனை இடிக்காமல் 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். 2012இல் மாதர் சங்கச் சுற்றுலாவின்போது அதனைப் பார்க்கக் கிடைத்தது. தங்குவதற்கு எம்மிடம் பணமில்லை. பார்ப்பதற்குக் கண் இருந்தது.

அதன் மேல்மாடிகள் முன்பு கொழுந்து வாட்டும் தளங்கள். பறித்த கொழுந்தைப் பரப்பி, காற்றுச் செலுத்தி ஈரத்தைக் குறைப்பார்கள். காற்று வேண்டுமென்பதால் சுவர் நெடுக யன்னல்கள். இன்று அந்த யன்னல்களே தங்கும் அறைகளுக்கு வெளிச்சம் தருகின்றன. கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதென்று அறிந்து திருத்தினால் பாதி வேலை முடிந்தது என்று எனக்குப் பட்டது. கொழுந்து சுமந்த பெண்களின் சந்ததியினர் பலர் இன்னமும் லயன் அறைகளில் வாழ்வதும் கூடவே மனதை உறுத்தியது.

1996ஐ நாம் மறப்போமா? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு, கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் மானிப்பாய்க்குத் திரும்பினேன். வீடு தரைமட்டம். வளவின் மூலையில் பாட்டனாரின் கற்சுவர்ச் சுருட்டுக் கொட்டில் மட்டும் கூரையின்றி நின்றது.

"இடித்துக் கல்லை வில், காணியையும் கொடு" என்றார்கள் உறவினர். காணி அம்மா தந்த சீதனம். உறுதி என் பெயரில். தேசவழமைப்படி அது என் சொத்து. விற்க மறுத்தேன். ஓலை வேய்ந்து அதற்குள்ளேயே காலம் கழித்தோம். மலையிலிருந்து வந்ததும், சீட்டுப் பணம் எடுத்து, திருத்தத் தொடங்கினேன்.

சுவர் 15 அடி உயரம். ஒரு பக்கம் புகையிலைச் சிப்பம் அடுக்கிய பரண். நிலத்து ஈரம் ஏறாமல், காற்றுப்படும்படி அமைத்திருந்தார்கள். மேசன் அதைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு பனை வளையையும் தட்டிப் பார்த்தோம். கறையான் அரித்தவற்றை மட்டும் மாற்றினோம். கீழும் மேலும் நிமிர்ந்து நடக்கலாம். ஏணிக்குப் பதிலாகக் கைபிடியுடன் படி வைத்தோம். ஓட்டின் கீழ் வெக்கை தங்கும் என்பதால் எதிரெதிரே யன்னல் வைத்து, முகட்டில் சூடு போக இடைவெளி விட்டோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உதிரும். ஆகவே சுண்ணாம்புச் சாந்தே பூசினோம்.

கீழே என் தையல் மெஷினும், முழங்கால் நோவுள்ள மாமியின் கட்டிலும். மேலே மகளுக்கு மேசை, பாய், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. அந்தக் கதவின் பெறுமதி ஆண் துணையற்ற வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அங்கிருந்து படித்துத்தான் அவள் பல்கலைக்கழகம் போனாள்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் ஒரு குசினியோ மால் சுவரோ எஞ்சியிருக்கலாம். இடிக்கமுன் மூன்றைப் பாருங்கள்: உறுதி யார் பெயரில் இருக்கிறது, சுவர் வெடிப்பின்றி நேராக நிற்கிறதா, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது. மற்றதை ஆறுதலாகச் செய்யலாம்.