இரண்டரை மணி நேரம்

கொலம்பியா என்றால் எங்களுக்கு மார்க்வெஸ். 1985 என்றால் அவருடைய 'காலரா காலத்தில் காதல்' வெளிவந்த ஆண்டு. எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தின் கொலம்பிய ஞானம் அத்தோடு முடிந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் ஒரு நகரம் ஓரிரவில் சேற்றுக்குள் புதைந்தது என்பதை அண்மையில்தான் விரிவாகப் படித்தோம். அதன்பின் சில வாரங்களாக நாவல்களை ஒதுக்கிவிட்டு ஒரு மலையையே வாசித்து வருகிறோம்.

நெவாடோ டெல் ரூயிஸ் என்பது அதன் பெயர். ஆண்டிஸ் மலைத்தொடரின் வடபகுதியில் 5,321 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பசிபிக் கடலடித் தளமான நாஸ்கா தட்டு, தென்னமெரிக்கக் கண்டத்தின் கீழே மெல்லச் சரிந்து இறங்குகிறது. அது தன்னோடு கொண்டுசெல்லும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. உருகியது மேலெழுகிறது, அவ்வளவுதான் ஆண்டிஸ் எரிமலைகளின் பிறப்புக் கதை. ரூயிஸ், பாடநூல்களில் வரைந்திருக்கும் அழகிய கூம்பு அன்று. இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் பருத்த மலை. முன்பிருந்த மலையின் உச்சி இடிந்து உண்டான பெரும்பள்ளத்துள் குழம்புக் குவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வளர்ந்து இன்றைய ரூயிஸ் ஆயிற்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தும் உயரத்தின் காரணமாக அதன் தலையில் பனி உண்டு. அந்தப் பனியே எமன்.

1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் மலை வெடித்தது. எரிமலைக் கணக்கில் அது சிறிய வெடிப்பு; ஐந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் கக்கியதில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆனால் கொதிக்கும் சாம்பலும் கல்லும் பனிப்பரப்பின்மேல் உருண்டோடி, அதில் பத்தில் ஒரு பங்கை உருக்கிவிட்டன. உருகிய நீர் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் பாய்ந்து, வழியிலிருந்த மண்ணையும் பாறையையும் மரத்தையும் அள்ளிக்கொண்டு பன்மடங்கு பெருத்தது. இத்தகைய பெருக்குக்கு 'லஹார்' என்று பெயர். ஜாவா மொழி உலகுக்குக் கொடுத்த சொல். லாகுனில்லா ஆற்றின் வழியே வந்த லஹார், எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆர்மேரோவை அடைந்தபோது இரவு பதினொன்றரை. நகர மக்கள் சுமார் 29,000 பேரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையின் மறுபக்கம் சின்சினா ஆறும் உயிர்களைக் கொண்டுபோயிற்று. மொத்தம் 23,000 பேர் என்கிறார்கள்.

இவ்வளவையும் மலை முன்னரே இருமுறை செய்து காட்டியிருந்தது. 1595இல் லாகுனில்லாவிலும் குவாலியிலும் சேறு பெருகியதைப் பெத்ரோ சிமோன் என்ற துறவி எழுதிவைத்தார். 1845இல் மீண்டும் பெருகிச் சுமார் ஆயிரம் பேரை விழுங்கியது. ஹோவாக்கின் அகோஸ்தா அதைப் பதிவுசெய்தார். அந்தச் சேறு காய்ந்த இடத்திலேயே 1895இல் ஊர் எழுந்தது. ஏன் எழாது? எரிமலை மண் பொன் விளையும் மண். ஆர்மேரோவுக்கு 'வெண்ணகரம்' என்ற பெயர் வந்தது பருத்தியால். தங்கள் வயலை வளமாக்கியது எதுவென்று அம்மக்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வளம் மட்டும் கண்ணெதிரே இருந்தது.

1985இலும் மலை சொல்லாமல் வரவில்லை. ஓராண்டாக அது முனகிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 11இல் நீராவி வெடிப்பு ஒன்று ஒரு சேற்றுப்பெருக்கை 27 கிலோமீட்டர் கீழே அனுப்பியது. அக்டோபர் 7இல் ஆபத்து வரைபடமும் தயாராயிற்று. அதில் ஆர்மேரோ சேறு வரும் வழியில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 13 மாலை சாம்பல் விழுந்தபோதோ, வீட்டுக்குள் அமைதியாக இருங்கள் என்று வானொலி சொன்னது. இரவில் புயல்மழை, மின்சாரமும் போயிற்று.

எங்கள் வட்டத்தில் ஒருவர் முழுப்பழியையும் அரசின்மேல் போட்டார். மறுப்பதற்கில்லை. எனினும் அதற்கு முந்தைய வாரம்தான் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கெரில்லாக்கள் கைப்பற்றி, இராணுவம் புகுந்து, நீதிபதிகள் பலர் மாண்டிருந்தனர். வராமற்போகக்கூடிய ஒரு வெள்ளத்துக்காக ஒரு நகரத்தையே காலிசெய்யும் துணிவு அந்த வாரம் யாருக்கு இருந்திருக்கும்? இது சமாதானம் ஆகாது என்று அவர் சொன்னார். ஆகாதுதான்.

பெரிய வாக்குவாதம் எழுந்தது ஒரு புகைப்படத்தைப் பற்றி. இடிபாட்டில் கால் சிக்கி, கழுத்தளவு நீரில் மூன்று நாள் உயிரோடிருந்து இறந்த பதின்மூன்று வயது ஒமைரா சான்செஸ். பிராங்க் ஃபூர்னியே எடுத்த அப்படம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வுபெற்றது. எங்களில் இருவர் அதைப் பார்க்கவே மறுத்தனர். மற்றவர்கள் பார்த்தோம்; பார்த்தபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அவளைக் காப்பாற்ற ஒரு நீரிறைப்பான் வந்து சேராத இடத்துக்கு ஒளிப்படக் கருவிகள் வந்து சேர்ந்தன என்பதே எங்களை உறுத்தியது. அதைவிட உறுத்துவது, ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரையிலான அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் படமே இல்லை என்பது. மேட்டுநிலம் நடந்து சென்றடையும் தூரத்தில்தான் இருந்தது.

ஆர்மேரோவுக்குப் பிறகு 1986இல், பிற நாடுகளின் எரிமலை நெருக்கடிகளில் உதவ அமெரிக்கா ஒரு நிபுணர் குழுவை உருவாக்கியது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடிக்குமுன் அந்நாட்டு அறிவியலாளர்களும் இக்குழுவும் விடுத்த எச்சரிக்கையால் பல்லாயிரம் பேர் தப்பினர்.

ரூயிஸ் ஓயவில்லை. 2023 மார்ச் இறுதியில் நில அதிர்வுகள் பெருகியதால் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்தது. மலைச்சரிவில் வாழ்ந்த ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வெளியேற்ற முயன்றார்கள். பலர் மறுத்துவிட்டனர், மாடுகளையும் உருளைக்கிழங்கு வயலையும் யாரிடம் விடுவது என்று கேட்டார்கள். ஜூன் மாத இறுதியில் எச்சரிக்கை மஞ்சளுக்கு இறங்கியது. இம்முறை பெருவெடிப்பு நிகழவில்லை.