எண்ணாத கைகள்

கிளாருஸ், மே மாத முதல் ஞாயிறு, இரவு

அன்புள்ள சேகர்,

கம்பளிக்குள் சுருண்டுகொண்டு எழுதுகிறேன். மே மாதம் என்று நம்பி ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்தவனைத் திட்டாதே. மே 1 கிராமசபைக்குப் போனாயா? இந்த முறையாவது தீர்மானத்தை எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்களா, இல்லை வழக்கம்போல நோட்டு முதலில் வந்ததா?

இன்று நான் பார்த்ததும் ஒரு கிராமசபைதான். ஆனால் ஒரு மாநிலத்துக்கே. 'லான்ட்ஸ்கெமைன்டே' என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் 26 கன்டோன்களில், அதாவது மாநிலங்களில், இங்கேயும் அப்பென்செல் இன்னர்ரோடனிலும் மட்டும்தான் இப்போது மிச்சம். 1387லேயே கூடிவிட்டார்களாம். மரத்தடுப்புகளின் வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். மேடையடியில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாளை ஊன்றி நிற்கும் மாநில அரசின் தலைவர், லாண்டம்மான், ஒவ்வொரு சட்டமாகக் கேட்க, வாக்காளர் அட்டைகள் உயர்கின்றன. எண்ணுவதில்லை சேகர்! கண்ணாலேயே பார்த்து 'இந்தப் பக்கம்தான் அதிகம்' என்கிறார். சந்தேகம் வந்தால் மற்ற அமைச்சர்களைக் கேட்டுக்கொள்கிறார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எனக்குக் கை நமநமவென்றது. நம்மூரில் யாராவது இப்படிச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா?

நீ பொறாமைப்பட ஒன்று சொல்கிறேன். 2006இல் இங்கிருந்த 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு கொண்டுவந்தது. கூட்டத்தில் இருந்த சாதாரண ஆள் ஒருவர், எதற்குப் பத்து, மூன்று போதும் என்றார். கைகள் உயர்ந்தன. 2011 முதல் மூன்றேதான். நம் ஊரை நகராட்சியோடு சேர்க்கப்போவது நமக்கு எப்படித் தெரிந்தது? பேப்பரில். அதுவும் டீக்கடைப் பேப்பரில்.

சபை முடிந்ததும் ஊரே சாப்பிடக் கிளம்பியது. இந்த நாளுக்கென்று ஒரு சாப்பாடு உண்டு: கன்றுக்குட்டி இறைச்சி சாசேஜ், வெள்ளைக் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, கூடவே இனிப்பாக வேகவைத்த உலர் பிளம்ஸ். நான் நுழைந்த உணவகத்தில் சாசேஜ் வேண்டாம் என்றேன். மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் பிளம்ஸும். நோயாளிக்குப் பத்தியம் போட்ட மாதிரி தட்டு வந்தது. உப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சமையல்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி இந்தியாவோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். 89இல் வந்தவராம். உள்ளே போய்த் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி இடிச்ச சம்பல் கொண்டுவந்து என் தட்டோரம் வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு ஜனநாயகம் பற்றி யோசிக்கவே தெம்பு வந்தது.

"நீங்கள் கை தூக்கப் போகலையா அண்ணே?"

"எனக்கு வோட் இல்லை. பாஸ்போர்ட் எடுக்கேல்ல. எழுதிக் குடுக்க, பரீட்சைக்குப் படிக்க எங்க நேரம்? என்ர மகள் எடுத்திட்டாள். பதினாறு வயசு. இண்டைக்குத்தான் முதல்தரம் உள்ளுக்குப் போயிருக்கிறாள்." இங்கே 2007இல் வாக்கு வயதை 16 ஆக்கியதும் இதே மைதானம்தான். அவர் சிரித்தார். "நான் கிழங்கு மசிக்கிறன், அவள் சட்டம் போடுறாள்."

சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதை விழுங்க முடியவில்லை. இந்த நாட்டில் அதிகாரத்தை எங்கும் குவியவிடாமல் துண்டுதுண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மேலே ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள், ஜனாதிபதி வருஷத்துக்கு ஒருவர். ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் இப்போது யார் என்று கேட்டேன், விரல் விட்டு யோசித்தார். ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தக் கேட்கலாம். ஆனால் பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை 1971இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் ஆண்கள் 1990இலும் கை தூக்கி மறுக்க, அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வட்டத்துக்குள் யார் நிற்கலாம் என்பதையும் உள்ளே நிற்கிறவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்? யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதைக் கேட்டேன். "சாப்பிடுங்கோ, ஆறிப்போகுது" என்றார்.

அந்த நேரம் மகள் வந்தாள், கையில் அட்டையோடு. அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னத்துக்குப் பிள்ளை கை தூக்கினனீ?"

"அது என்ர விஷயம், அப்பா."

ஊரே பார்க்கத் தூக்கிய கை! அவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, அவளுக்கும் ஒரு தட்டு எடுத்தார். சாசேஜ், குழம்பு, கிழங்கு. பிளம்ஸ் மட்டும் வேண்டாமென்றாள்.

உன்,
ரகு