மூத்த மருமகளும் ஸ்டவ் பின்னும்

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாமனாரின் அப்பா 1968-ல் வாங்கியது. வண்டலூர் தொழிற்சாலையில் தயாரான, நம் ஊர்க் கார். "எனக்கு முன்னாலேயே வந்த மூத்த மருமகள்" என்பார் மாமியார்.

போன ஐப்பசியில் அதற்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒரு குறையும் இருக்காது. கோபாலபுரத்தைத் தாண்டி சிக்னலில் நின்றால், என்ஜினும் நின்றுவிடும். மெக்கானிக் வந்தார். ஒரு ஸ்க்ரூவைத் திருகி, "ஐட்லிங்கை ஏத்தி வெச்சிருக்கேன், இனிமே நிக்காது" என்றார். நிற்கவில்லைதான், ஆனால் சும்மா நிற்கும்போதே அலறியது. காரணம் பார்க்காமல் ஜுர மாத்திரை கொடுத்த மாதிரி!

மறுநாள் நல்ல மழை. மாமனார் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட விட்டுப் பார்த்தார். பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, என் ஐந்து வயசுப் பிள்ளை. கால் மணியில், "தலை வலிக்கறதும்மா" என்று வந்தவன் வாந்தி எடுத்தான். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லையாம். ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைச் சீக்கிரம் தாக்கும். சாயங்காலத்துக்குள் பிள்ளை தேறிவிட்டான். மாமனார் அன்று சாப்பிடவே இல்லை.

அதற்கப்புறம் எந்த வேலையானாலும் வண்டி தெருவில்தான். நானும் கூடவே நின்றேன். கார்புரேட்டரின் அடியில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ என்று ஒன்று. அதைத் திருகினால் என்ஜின் சத்தம் மாற வேண்டும். மாறவில்லை. அப்படியானால் ஐடில் ஜெட் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ காற்று உள்ளே புகுகிறது. என்ஜின் ஆறிய பிறகு ஜெட்டைக் கழற்றினார். முடி நுழையுமா என்ற அளவுக்கு ஒரு துவாரம்.

"பரண்ல பழைய ஸ்டவ் பின் இருக்கா, பாரும்மா."

"வேண்டாம்ப்பா, பித்தளை! குத்தினா துவாரம் பெரிசாயிடும். பெட்ரோல் கூடுதலா இறங்கும்."

பெட்ரோலில் அலசி, சைக்கிள் பம்ப்பால் ஊதினோம். எள்ளு மாதிரி கறுப்பாய் ஒரு துணுக்கு விழுந்தது. பெட்ரோல் ட்யூப் ரப்பர்! 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. புது ட்யூப் போட்டோம். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசி வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று தளர்த்தினோம். மெக்கானிக் ஏற்றிய ஐட்லிங்கையும் இறக்கினோம்.

வெள்ளிக்கிழமை அவ்வை சண்முகம் சாலை சிக்னலில் மாமியார் பதறினார்: "ஐயோ, மறுபடி நின்னுடுத்தா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.