ஒரே பீடம், இரு கூடங்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓய்வதேயில்லை. புனித தேவசகாயம் உயிர்துறந்த காற்றாடிமலையில் முழந்தாளிட்டுச் செபித்தபின், நாங்கள் வடக்கன்குளம் நோக்கிப் புறப்பட்டோம். எங்கள் விசாரணையைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார். எங்களோடு வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர்.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம், கத்தோலிக்கர் மறக்கலாகாத ஊர். திருவிதாங்கூர் அரசின் அலுவலராயிருந்த நீலகண்டன், 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், சேசு சபைக் குருவானவர் புத்தாரி அடிகளிடம் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராமல் எல்லோரோடும் அவர் பழகினார். அவர்மீது மூண்ட பகைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயர் நீங்கிய பெயராலேயே அறிவித்தார்.

அத்தகையவர் மறுபிறப்படைந்த ஊரிலேயே, 1872-இல் எழுந்த ஆலயத்தின் வரலாறு நெஞ்சைக் கனக்கச் செய்கிறது. பீடம் ஒன்றே, ஆனால் அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. சாதிக்கு ஒன்றாக அமைந்த அக்கூடங்களுக்கு நடுவே தடுப்பு. இருபுறத்தாரும் பலிபீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை! ஒரே அப்பத்தை உண்டவர்கள், ஒருவர் முகத்தில் மற்றவர் விழியாமலே வீடு திரும்பினர்.

1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. தனியிடம் தங்கள் உரிமை என்று வாதிட்டோர் வழக்குத் தொடர்ந்தனர். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும் காட்டாதீர்கள் என்று அப்போஸ்தலரான இயாகப்பர் சபையைக் கண்டித்துப் பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், அதே பாடத்தை நீதிமன்றத்தில் கற்க வேண்டியதாயிற்று.

இவ்வாறு முன்னோரின் குறையைப் பேசியபடி நாங்கள் வெளியே வந்தோம். உபதேசியார் மட்டும் படியிலேயே அமர்ந்துவிட்டார்.

“இந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள், ஐயா. நம் கல்லறைத் தோட்டத்து மதிலை எடுப்பது யார்? என் மனைவி அதற்கு அப்பால் அல்லவா கிடக்கிறாள்!” என்றார்.

எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. எங்கள் பெற்றோர் துயில்வது மதிலுக்கு இப்பால். எங்கள் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் மந்திரம் கற்பித்தவர் அவர். எங்கள் வீட்டுத் துக்கங்களிலெல்லாம் செபமாலை சொன்னவரும் அவரே. ஆயினும் ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், அவர் வேறு வாயில் வழியே மெழுகுதிரி ஏந்திச் செல்வதை நாங்கள் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். மதிலை எழுப்பியவர் எங்கள் பாட்டன்மார். அதைக் காத்து வருபவர் நாங்கள்.

ஊர் திரும்பிய அன்றிரவே, மதிலை அகற்றக் கோரிப் பங்குக் குருவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். நான்கு குடும்பத்தாரும் கையொப்பமிட்டோம். உறவினரிடையே முணுமுணுப்பு எழுந்துள்ளது, எழட்டும்.

வாசக அன்பர்களே, வடக்கன்குளத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பியதும், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.