சிம் லிம் ஸ்கொயரில் இரண்டு கன்ட்ரோலர்

சிட்னியில் இருந்து திருச்சிக்குப் போகும் நம்மவர் பலருக்கு இடையில் இறங்கி ஏறும் ஊர் சிங்கப்பூர்தான். அடுத்த விமானத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் இருந்தால் பெரியவர்கள் தேக்கா பக்கம் போய் தோசை சாப்பிட்டு, முஸ்தபாவில் ஒரு சுற்று சுற்றலாம் என்பார்கள். கூட பன்னிரண்டு வயசுப் பையன் இருந்தால் பட்டியலில் இன்னொரு இடமும் சேரும்: சிம் லிம் ஸ்கொயர். லிட்டில் இந்தியாவில் இருந்து நடந்தே போகலாம். ரோச்சோர் எம்ஆர்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கு. போன டிசம்பரில் நாங்களும் போனோம்.

ஆறு மாடிக் கட்டடம். நடுவில் எஸ்கலேட்டர், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள். மேல் மாடிகளில் கம்ப்யூட்டர் பாகங்கள், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட். 2014-ல் இங்கே ஒரு ஃபோன் கடை சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றிய விவகாரம் உலகச் செய்தி ஆனது. அதனால் பயந்து ஒதுங்க வேண்டாம், ஆனால் சில பழக்கங்கள் நல்லது. ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு இன்னொரு மாடியிலும் கேளுங்க. சொன்ன விலை 9% ஜிஎஸ்டி சேர்த்ததா, வாரன்டி சிங்கப்பூருக்கு மட்டுமா என்று கேட்டு, பில்லைக் கையில் வாங்கின பிறகு கிளம்புங்க. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், அந்தக் கடை வரி திரும்பத் தரும் திட்டத்தில் இருந்தால், பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்யலாம். சாங்கியில் இருக்கும் இயந்திரத்தில் மிச்சத்தை முடிக்கலாம். பெட்டியில் போடும் பொருள் என்றால் செக்-இன்னுக்கு முன்னாடியே முடிக்கணும்.

ஆனால் நம் மாதிரி பெற்றோருக்கு விலை பெரிய பிரச்சினை இல்லை. லேப்டாப்பை ஊருக்குக் கொண்டு போகலாமா என்பதே வீட்டில் சண்டை. "மூணு வாரம் பாட்டி வீட்ல இருக்கப் போறான், அங்கயும் ஹெட்ஃபோனா?" என்பது என் மனைவியின் கேள்வி. நியாயமான கேள்வி. என் மகனுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். திருச்சியில் என் பெரியப்பா மகனுடைய பையன் பதினாலு வயசு. அவனுக்கு ஆங்கிலம் புரியும், பேசக் கூச்சம். முந்தின பயணத்தில் இரண்டு பேரும் ஒரே ஹாலில் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு அளவுகோல் வைத்தேன். வாங்கும் பொருள் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கணும். அவனைத் தனியாக அடைத்து வைக்கும் பொருள் வேண்டாம்.

மகன் கேட்டது கலர் கலராக மின்னும் மெக்கானிக்கல் கீபோர்டு. கனம் ஒரு கிலோ. கேபினுக்குப் பல ஏர்லைன்ஸில் 7 கிலோதான் விடுகிறார்கள், அதில் கேமிங் லேப்டாப்பும் அதன் சார்ஜரும் சேர்ந்தே மூன்று கிலோவை எடுத்துக்கொள்ளும். தவிர, ஹாலில் எல்லோரும் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தம் யாருக்கும் ஆகாது. அதற்குப் பதிலாக இரண்டு கன்ட்ரோலர் வாங்கினோம். இரண்டும் வயர் வைத்தவை. விலை குறைவு, சார்ஜ் தீராது, லேப்டாப்பில் செருகினால் போதும். கூடவே மூன்று மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள், ஹால் டிவியில் மாட்ட. டிவியில் 'கேம் மோடு' இருந்தால் அதைப் போடுங்க, பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும்.

ஹெட்செட் வயர் வைத்ததுதான் நல்லது. ப்ளூடூத்தில் மைக்கை உபயோகிக்கும்போது பெரும்பாலும் ஒலியின் தரம் இறங்கிவிடும், தாமதமும் வரும். லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான் இருக்கும். ஹெட்செட்டில் இரண்டு பின் இருந்தால் அதை ஒன்றாக்கும் சின்ன கேபிளும் கேட்டு வாங்குங்க. மவுஸுக்கு யுஎஸ்பி டாங்கிள் வைத்த வகை ப்ளூடூத்தைவிட வேகமாக வேலை செய்யும். துணி மவுஸ் பேடு ஒன்றும் சுருட்டி வைத்தோம், பாய் மேல் மவுஸ் சரியாக ஓடாது.

பவர் பேங்க் வாங்கவில்லை. 20,000 எம்ஏஹெச் என்பது சுமார் 74 வாட்-ஹவர். கேமிங் லேப்டாப் விளையாடும்போது 150 வாட்டுக்கு மேல் இழுக்கும், அரை மணி நேரம்கூடத் தாங்காது. பவர் பேங்க்கைப் பெட்டியில் போடவும் கூடாது, கையில்தான் எடுத்துப் போகணும். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது அதில் சார்ஜ் செய்யவும் அனுமதி இல்லை.

டிராவல் அடாப்டரும் வேண்டாம் என்று விட்டோம். லேப்டாப் சார்ஜரில் 100-240V என்று போட்டிருந்தால் இந்திய மின்சாரம் அதற்குப் பிரச்சினை இல்லை. சுவர் பக்கம் போகும் வயரைத் தனியாகக் கழற்றலாம். திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அதே மாதிரி மூணு பின் வயர் வாங்கி மாட்டினோம், ஆடாமல் நின்றது. கூலிங் பேடுக்குப் பதில் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு கேரம் காய் மேல் தூக்கி வைத்தோம். அடியில் காற்று போக இடம் இருந்தால் சூடு குறையும். மெத்தை மேல் மட்டும் வைக்காதீங்க.

அந்த மூணு வாரமும் ஓடினது 'ஓவர்குக்ட்' என்ற விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து சமைக்கணும், பாத்திரத்தை அடுப்பில் மறந்தால் தீப்பிடிக்கும். பெரியம்மாவுக்கு விளையாட்டுப் புரிந்ததோ இல்லையோ, சமையல் புரிந்தது. "டேய், அடுப்ப கவனிடா! தட்டு கழுவாம எதுல பரிமாறுவ?" என்று சோபாவில் இருந்தே சத்தம். நாலாவது நாள் என் மகன் அவசரத்தில் "தட்டு குடுண்ணா, சீக்கிரம்!" என்றான். யோசித்து மொழிபெயர்க்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. கரண்ட் போனபோது இரண்டு பேரும் டிவியை விட்டுவிட்டு லேப்டாப் முன்னாடி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆட்டத்தை முடித்தார்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்திருந்தோம். சில நாள் மூன்றானது, உண்மை. ஆனால் கன்ட்ரோலரைக் கீழே வைத்த பிறகும் இரண்டு பேரும் ஒன்றாகவே மொட்டை மாடிக்குப் போனார்கள், கடைக்கும் போனார்கள்.

இப்போது சனிக்கிழமை சாயந்திரம் எட்டு மணிக்கு, அங்கே மதியம் இரண்டரைக்கு, அந்த ஹெட்செட் வேலை செய்கிறது. பல விளையாட்டுகளுக்கு சிங்கப்பூரில் சர்வர் இருக்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதால் யாருக்கும் பெரிய தாமதம் இல்லை. "பின்னாடி வா", "விடு, நான் பாத்துக்கறேன்", "அய்யோ செத்தேன்" என்று அறையில் இருந்து தமிழ் வருகிறது. இலக்கணம் பார்த்தால் பாஸ் மார்க்தான், ஆனால் நாங்கள் யாரும் சொல்லி வந்த தமிழ் இல்லை அது.

அடுத்த பயணத்துக்கு என்ன வாங்குவது என்று அவர்களே பேசி முடிவு பண்ணிவிட்டார்கள்: இன்னும் இரண்டு கன்ட்ரோலர். எதிர் வீட்டுப் பசங்களும் வர்றாங்களாம்.