முதுகில்லாத நாற்காலி

புனேக்காரர்களுக்கு இரண்டு விஷயங்களில் அபார நம்பிக்கை. ஒன்று, மத்தியானத் தூக்கம். இன்னொன்று, போர்டு. 'பெல்லை ஒரு தடவை அடித்தால் போதும், எங்களுக்குக் காது கேட்கும்' என்கிற ரகத்தில் வாசலுக்கு வாசல் எழுதி மாட்டியிருப்பார்கள். 'புனேரி பாட்யா' என்று அதற்குப் பெயரே உண்டு. பழைய கடைகளில் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறப்பது என்பது ஒரு காலத்தில் சட்டம். வியாபாரம் போனால் போகட்டும், முதுகைச் சாய்ப்பதுதான் முக்கியம்!

இப்படி முதுகுக்கு மரியாதை கொடுக்கிற ஊரில்தான், உலகத்துக்கே முதுகை நிமிர்த்தச் சொல்லிக்கொடுத்த ஒருவர் 77 வருஷம் வாழ்ந்தார். பி.கே.எஸ். ஐயங்கார்.

சிவாஜி நகருக்குப் பக்கத்தில் மாடல் காலனி. மரங்கள், பங்களாக்கள், பார்க் பண்ணின ஸ்கூட்டர்கள். நடுவே அடுக்கடுக்காக எழும்பும் ஒரு கட்டடம். உச்சியில் அனுமார். 1973-ல் காலமான மனைவியின் நினைவாக, ராமாமணி ஐயங்கார் யோகா இன்ஸ்டிட்யூட் என்று 1975-ல் திறந்தார்கள். யோகத்தின் எட்டு அங்கங்களுக்காக எட்டுத் தூண்கள். சுவரில் தொங்கும் கயிறுகள். எல்லாவற்றையும் விட என்னை இழுத்தது, நம் ஊர் ஷாமியானா கடையில் வாடகைக்கு விடுகிற அதே இரும்பு மடக்கு நாற்காலி. ஒரே வித்தியாசம், சாய்ந்துகொள்ளும் தகட்டை மட்டும் கழற்றிவிட்டார்கள். முதுகில்லாத நாற்காலி!

"என்னடா இது, பந்தி போடப் போறாங்களா?" என்றான் கூட வந்த நண்பன்.

நண்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது முப்பத்து மூன்று. என்னோடு பி.காம். படித்தவன். ஆபீஸ் வேலையாக புனே வந்திருந்தான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால். மார்ச் மாதம் வந்தால் பன்னிரண்டு. கழுத்தில் ஆரம்பித்த வலி தோளுக்கு இறங்கி, சாயங்காலத்தில் தலைவலியாக மேலே ஏறும். "வலி கூடப் பரவாயில்லைடா. வீட்டுக்குப் போனதும் பாப்பா ஓடி வந்து தோள்ல தொங்குறா. 'தள்ளிப் போ'ன்னு கத்திடறேன். இப்பல்லாம் நான் வந்தா அவ அம்மா பின்னாடி போய் நிக்கிறா" என்று ஆட்டோவில் வரும்போது சொன்னான். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயங்காரின் கதையும் வலியில்தான் ஆரம்பிக்கிறது. 1918-ல் கர்நாடகாவின் பெல்லூர் கிராமத்தில் பிறந்தார். இன்ஃபுளுயன்ஸா ஊர் ஊராக வாரிக்கொண்டிருந்த சமயம். சின்ன வயசிலேயே மலேரியா, டைஃபாய்டு, டி.பி. மூன்றையும் பார்த்தாயிற்று. மைசூரில் யோகம் கற்பித்துவந்த அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணமாச்சாரியார்தான் குரு. (இவர் பின்னாளில் சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயதில் இங்கேயே காலமானார்.) 1937-ல், 18 வயசில், 'ஆறு மாசம் போய்ச் சொல்லிக்கொடு' என்று புனேக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு மாசம் 2014 வரை நீண்டது!

1966-ல் வந்த 'லைட் ஆன் யோகா' புத்தகத்தில் சுமார் 600 போட்டோக்கள். உடம்பை ரப்பர் மாதிரி வளைத்திருப்பார். பார்த்தாலே நமக்குச் சுளுக்கும். 'இதெல்லாம் நம்மால ஆகாது' என்று மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் 1979-ல் ஸ்கூட்டர் விபத்து. சில மாதங்களில் இன்னொன்று. முதுகு, தோள், முழங்கால் எல்லாம் அடி. அறுபது வயசில், உலகமே குரு என்று கும்பிட்ட ஆசாமியால் சாதாரணமாகக் குனிய முடியவில்லை. என்ன செய்தார்? முடியாதவர்களுக்காகத் தான் கண்டுபிடித்திருந்த கட்டை, பெல்ட், தலையணை, நாற்காலி எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொண்டு, பல வருஷம் முதலிலிருந்து பழகி மீண்டு வந்தார். தொண்ணூறு வயசு தாண்டியும் பயிற்சியை விடவில்லை.

ஆகவே, 'நாற்காலி யோகாவா? அதெல்லாம் தாத்தா பாட்டிக்கு' என்று சிரிக்கிறவர்கள் கவனிக்கவும்.

அன்று சாயங்காலம் ராஸ்தா பேட்டை போனோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பகுதி. எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் அங்கே இருக்கிறார். வயசு 74. ரொம்ப வருஷமாக யோகா வகுப்புக்குப் போகிறவர். நண்பன் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே, "ஏம்ப்பா, கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்திருக்கியே, யாரைக் கேள்வி கேக்கற?" என்றார். காபிக்கு முன்னால் பாடம் ஆரம்பம்.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி கூடாது. நாலு காலும் தரையில் நிற்கிற, கைப்பிடி இல்லாத நாற்காலி. பின்பக்கம் சுவரை ஒட்டிப் போட வேண்டும். நுனிக்கு வந்து உட்காரணும். பாதம் இரண்டும் முழுசாகத் தரையில். எட்டவில்லையா, கனமான புத்தகம் ஒன்றை அடியில் வைக்கலாம். (வருமான வரிச் சட்டம் இதற்காவது உதவட்டும்.)

முதலில் விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் தூக்கி நாலு மூச்சு.

அடுத்து, நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுக்கும்போது நிமிர்ந்து, விடும்போது வயிற்றிலிருந்து திரும்புவது. கழுத்து கடைசியில்தான் திரும்பணும். இரண்டு பக்கமும். பரத்வாஜாசனத்தின் நாற்காலிப் பதிப்பு இது.

பிறகு எழுந்து, சாய்மானத்தில் கை வைத்து, முதுகு நேராகும் வரை பின்னால் நடந்து குனிவது.

கடைசியாக, மேஜை மேல் கைகளை மடித்து, நெற்றியை அதில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை நிதானமாக வெளியே விடுவது. பார்க்கிறவர்கள் தூங்குவதாக நினைப்பார்கள். புனேயில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்!

"இதுல என்ன மந்திரம் மாமா?" என்றேன்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. முதுகெலும்பு நடுவுல தட்டு தட்டா இருக்கே, அதுக்குள்ள ரத்தக்குழாய் கிட்டத்தட்ட கிடையாது. ஆடி அசைஞ்சாத்தான் சாப்பாடு போகும். நீ பத்து மணி நேரம் பட்டினி போடற. அப்புறம், மூச்சை வெளிய விடறப்ப இதயம் கொஞ்சம் நிதானமாகும். கூனி உட்கார்ந்தா மூச்சு முழுசா எங்கே விட முடியும்? கோபம் பாதி அங்கேதான் தேங்கி நிக்குது."

எங்கள் பாஷையில் சொன்னால், நாள் பூரா டெபிட், ஒரு கிரெடிட் என்ட்ரி கூட இல்லை. பாலன்ஸ் ஷீட் எப்படி டாலி ஆகும்?

மாமா எச்சரிக்கையும் கொடுத்தார். வயிறு நிறைய சாப்பிட்டதும் செய்யக் கூடாது. தலை சுற்றினால், வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். கையிலோ காலிலோ மரத்துப்போனால், இழுக்கிற மாதிரி வலித்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் நாற்காலி.

இரண்டு மாதம் கழித்து நண்பன் போன் பண்ணினான். "வலி முழுசாப் போகலைடா. பாதிதான். ஆனா மத்தியானம் அஞ்சு நிமிஷம், வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அஞ்சு நிமிஷம், விடறதில்ல. ஹால்ல நாற்காலியைப் போட்டு கையைத் தூக்கினா, பாப்பா தன்னோட குட்டிப் பிளாஸ்டிக் சேரை இழுத்துட்டு வந்து பக்கத்துல போட்டுக்கறா. நேத்து என்னைத் திட்டினா."

"எதுக்குடா?"

"நீ மூச்சு சரியா விடலை அப்பான்னு!"